பதினொன்று ஐந்துக்குப் போன பதில்

அத்தியாயம் 14

ராஜாராம் பகலில் மகளுக்கு ஃபோன் செய்கிற ஆள் இல்லை. வேலை செய்கிற பெண்ணை வேலை நேரத்தில் கூப்பிடக்கூடாது என்று அவராகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். அதனால் திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு மேசைமேல் 'நைனா' என்று திரை மினுங்கியதுமே பூங்கொடி கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"பாப்பா, கிணத்தாண்ட ரிக்கு வண்டி வந்து நிக்குது. போரு போடப் போறானாம். நாலு போரு."

"யாரு வரச் சொன்னது?"

"நீதான்றான்."

நெல்லேரிப்பட்டில் அந்த மூன்று ஏக்கரும் கிணறும் கூட்டுப் பட்டா. அண்ணன் ராஜாராம், தங்கை சின்னப்பொண்ணு, கடைக்குட்டி ஜெயக்குமார், மூன்று பேருக்கும் சேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை மகாபலிபுரம் கடலோரத்தில் இருக்கும் நீலமணல் ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர். இங்கேயிருந்து டேங்கர் டேங்கராக நல்ல தண்ணீர் போனது. முதல் வருஷம் தினம் ஆறு டேங்கர். இப்போது பதினெட்டு. கிணற்றில் இன்றைக்குத் தவளை உட்கார்ந்திருக்கும் பாறை, பூங்கொடி பிறந்ததிலிருந்து யாரும் பார்த்திராத பாறை. பக்கத்து நிலத்துக்காரர்கள் இந்தக் குடும்பத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

குத்தகை இந்த மாதத்தோடு முடிகிறது. நேற்றைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, போதும், இனிமேல் இல்லை என்று முடிவு செய்தார்கள். கம்பெனியின் டேங்கரையே ஓட்டுகிற ஜெயக்குமார்கூடத் தலையாட்டினார்.

தலையாட்டி எட்டு நாள்தான் ஆகிறது.

ராஜாராம் ஃபோனில் சொன்னதன் சுருக்கம் இது. ஆழ்துளை போடும் ரிக் வண்டியோடு வந்த இன்ஜினீயர் தன் ஃபோனை நீட்டிக் காட்டினானாம். குத்தகையை இன்னும் பதினைந்து வருஷம் நீட்டவும் நாலு போர் போடவும் சம்மதம் என்று பூங்கொடியின் மெயிலிலிருந்து பதில் வந்திருக்கிறதாம். ஆகஸ்டு பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. எல்லாம் இங்கிலீஷ். அதில் ராஜாராமால் படிக்க முடிந்தது மகளின் பெயர் மட்டும்.

"நீ அனுப்பமாட்ட. அது எனக்குத் தெரியும்," என்றார். "கோயில்ல கூழு ஊத்தின அன்னிக்கு உன் சித்தப்பன் உன் ஃபோன வாங்கிக்கினு போனானே. சார்ஜு இல்லன்னு சொல்லிக்கினு. அரை மணி நேரம் கழிச்சித்தானே குடுத்தான். அதுக்கு ரெண்டாம் நாளு செவ்வாக்கெழம. கணக்குப் போட்டுப் பாரு."

"நைனா, அவசரப்படாத. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"இன்னாத்த பாக்கப் போற. உன் சித்தப்பன் டேங்கர விட்டுட்டு வரட்டும். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு."

ஃபோனை வைத்துவிட்டார்.

பூங்கொடி வேலை பார்ப்பது சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு லாரி ஆபீஸில். முதலாளி லக்ஷ்மிநாராயணன். பக்கத்துத் தொழிற்பேட்டையின் கம்பெனிகள் எல்லாம் லோடு விவரத்தை மெயிலில் அனுப்பும். பதினைந்து நிமிஷத்துக்குள் 'கன்ஃபர்ம்' என்று பதில் போகாவிட்டால் லோடு வேறு லாரிக்காரனுக்குப் போய்விடும். டீ குடிக்கப் போன இருபது நிமிஷத்தில் ஒருநாள் மூன்று லோடு போயிற்று. அன்றைக்கு லக்ஷ்மிநாராயணன் பேசிய பேச்சில் பூங்கொடிக்கு ரத்தம் கொதித்தது. பி.எஸ்.ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தது இதைக் கேட்கவா என்று இரண்டு நாள் உட்கார்ந்து பைத்தானில் நாற்பது வரி எழுதினாள்.

மெயில் அனுப்பவும் படிக்கவும் லேசான ஒரு லைப்ரரி, யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. முகவரி, பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும். படிக்காத மெயில்களில் 'கன்ஃபர்ம்' என்ற வார்த்தை உள்ளதை மட்டும் எடுக்கும். 'கிடைத்தது, ஏற்றுக்கொண்டோம்' என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி பதில் போடும். பெட்டி நிரம்பாமல் இருக்க, வந்த மெயிலைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். ஆடி பிறந்த வாரத்திலிருந்து ஒரு லோடு தவறவில்லை. லக்ஷ்மிநாராயணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம மெஷினு" என்று பெருமையடித்துக்கொண்டார். எழுதியவள் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

பூங்கொடி அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்தாள். ஆகஸ்டு பன்னிரண்டைத் தேடினாள்.

பதினொன்று ஐந்து. பதில் அனுப்பப்பட்டது. அனுப்பிய முகவரி ஆபீஸுடையது அல்ல, அவளுடையது.

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு நிரலைத் திறந்தாள். மேலேயிருந்து மூன்றாவது வரி. எழுதிய முதல் நாள் ஓடுகிறதா என்று பார்க்கத் தன் சொந்த முகவரியைக் கொடுத்திருந்தாள். ஓடியது. ஆபீஸ் முகவரியைச் சேர்த்தாள். தன்னுடையதை எடுக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முகவரிகளும் அங்கேயே இருந்தன. ஆறு வாரமாக அந்த நாற்பது வரி அவள் பெட்டிக்குள்ளும் போய், அவள் பெயரில், கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அது அவள் ஒருத்தியின் பெட்டியாக இருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர்கள் தெருவில் மெயில் வைத்திருக்கும் முதல் ஆள் அவள்தான். எந்தப் படிவத்திலும் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் வந்தால் தெருவில் பாதிப்பேர் அவள் முகவரியைத்தான் எழுதினார்கள். கேஸ் இணைப்பு, இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பம், எல்லாவற்றுக்கும். குத்தகைப் பத்திரத்தில் மூன்று பெயருக்கும் கீழே மூன்று கட்டம் இருந்தது. "எங்க பொண்ணுது போடுங்க சார், மூணுத்துலயும்" என்று ராஜாராம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. நீட்டிப்புக்கான சம்மதத்தை இந்த முகவரியிலிருந்து தெரிவித்தாலே செல்லும் என்று அடுத்த பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அன்றைக்கு அவள்தான் அதைத் தமிழில் படித்துச் சொன்னாள். அன்றைக்கு அது வசதியாகத் தெரிந்தது.

கோப்பில் தன் முகவரி வருகிற வரிகளை எண்ணினாள். நாற்பத்தொன்று. யார் யாருக்காக எதற்கெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்கக் கை வரவில்லை. முதலில் தன் முகவரியை அந்த வரியிலிருந்து அழித்தாள்.

லக்ஷ்மிநாராயணனிடம் வயிற்றுவலி என்று அரைநாள் லீவு கேட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"மெஷினு ஓடுதில்ல?"

"ஓடுது சார்."

"அப்ப நீ போ. உன்னால ஆவறது ஒண்ணுமில்ல."

செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, கடற்கரைச் சாலையில் இறங்கும்போது மணி ஒன்று. ரிசார்ட் வாசலில் காவலாளி அவள் செருப்பைப் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்தவர்கள் பின்வாசல் என்றான். நான் தண்ணிக்குச் சொந்தக்காரி என்று அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். ஆனால் உள்ளே விட்டான்.

உள்ளே பச்சைப் புல்தரையில் குழாய்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தன. பகல் ஒரு மணி வெயிலில். பூங்கொடி நின்று பார்த்தாள். கிணற்றுப் பாறை கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

நிலம், தண்ணீர் விவகாரங்களைப் பார்க்கிறவர் ஆதித்யா. முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தள்ளி வைத்தார். அவள் தொடவில்லை.

அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். அந்தப் பதிலை அவள் அனுப்பவில்லை. கம்ப்யூட்டரில் எழுதிய நிரல் தானாக அனுப்பியது. வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. ரிக் வண்டியைத் திருப்பி அழைக்க வேண்டும்.

ஆதித்யா கவனமாகக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

"எப்ப மெயில் போட்டாலும் உங்ககிட்டேர்ந்து உடனே பதில் வருதுன்னு எங்க அக்கவுண்ட்ஸ்ல சொன்னாங்க. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு பத்துக்கு நானும் ஒரு மெயில் போட்டேன் மேடம்," என்றார். "அஞ்சு இருபதுக்குப் பதில் வந்துடுச்சு. எங்க ஸ்டாஃப்ல ஒருத்தர்கூட இப்படி இல்லை. உங்களை நினைச்சா பெருமையா இருக்கு."

"அது நான் இல்லன்னு சொல்றேன்."

"சரி, எழுதிக் குடுங்க. பதில் போட்டது மெஷின்தான்னு. அந்த மெஷின் உங்க லாரி ஆபீஸ்லதானே ஓடுது? லோடு குடுக்கிற கம்பெனிகளுக்கும் ஒரு காப்பி அனுப்பிடறேன். அங்க ஒரு மனுஷன் உக்காந்து படிச்சுப் பாத்து ஒத்துக்கறார்னு அவங்க நம்பிட்டிருக்காங்க பாருங்க."

லாரி ஆபீஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே அது புரிந்தது.

"ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் ஆபீஸ் பேரு, அட்ரஸ் எல்லாம் போட்டிருக்கீங்களே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு பேசுகிறவர் போல, "வேலை போயிடும் மேடம். எங்க போனாலும் இந்தக் கதை பின்னாலயே வரும். நீங்க உங்க வீட்ல முதல் டிகிரின்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னாங்க?"

அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஃபோனில் தன் மெயிலைத் திறந்து குப்பைப் பெட்டிக்குள் போனாள். ஆதித்யாவின் பெயரைத் தேடினாள். மூன்று மெயில்கள் இருந்தன.

முதலாவது ஆகஸ்டு மூன்று, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் காகிதம் மாதிரி. தலைப்பில் மட்டும் 'தயவுசெய்து கன்ஃபர்ம் செய்யவும்' என்று ஆங்கிலத்தில். அதற்கு அவள் பெட்டி, ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லியிருந்தது.

இரண்டாவது ஆறாம் தேதி. ஒரே வரி. இதை அங்கே மனிதர்கள் யாராவது படிக்கிறீர்களா, கன்ஃபர்ம் செய்யவும்.

ஏற்றுக்கொண்டோம்.

மூன்றாவது பன்னிரண்டாம் தேதி. நான்கு பக்கம். பதினைந்து வருஷம், நாலு போர், தினம் எத்தனை டேங்கர் என்பதற்கு வரம்பே கிடையாது.

மூன்று தேதிகளையும் வரிசையாக இன்னொரு முறை பார்த்தாள். தெரியாமல் நடந்த தவறு என்று நினைத்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனாள். ஆதித்யா அவள் பெட்டியின் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறான். ஆள் இல்லை என்று உறுதியான பிறகு உள்ளே நுழைந்திருக்கிறான்.

குப்பையில் போனது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். முதல் மெயிலுக்கு நாளையோடு முப்பது நாள். மூன்றையும் வெளியே எடுத்து வைத்தாள். படம் பிடித்து, பொத்தேரியில் வக்கீலுக்குப் படிக்கும் தோழி ரெஜினாவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிஷத்தில் ரெஜினாவிடமிருந்து பதில். சம்மதம் செல்லாது என்று காட்ட இது போதும், ஆனால் பதில் போட்டது நான் எழுதிய மெஷின் என்று நீ எல்லார் எதிரிலும் சொல்லியாக வேண்டும், முடியுமா என்று கேட்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியபோது நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மெயில் 'திரு. ராஜாராம் அவர்களுக்கு' என்று தொடங்கியது. ராஜாராமின் சம்மதத்தை மட்டும்தான் கேட்டிருந்தது. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் தனியாக வந்திருக்கிறதா என்று தேடினாள். வரவில்லை. ஒருவேளை வேறு எங்காவது இருக்கும் என்று நினைத்தாள். நின்று யோசிக்க நேரமில்லை. நைனா ஃபோனை எடுக்கவில்லை. ஆறு தடவை அடித்துப் பார்த்துவிட்டாள்.

ஊரில் இறங்கி ஏறக்குறைய ஓடினாள். மணி ஐந்தரை.

ரிக் வண்டி கிணற்றுக்குப் பத்தடி தள்ளி நின்றது. துளை போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் ராஜாராம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் இருக்கிறார் என்பது அவர் வேட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. இன்ஜினீயர் வண்டி நிழலில் நின்று ஃபோனை நோண்டிக்கொண்டிருந்தான். தெருவிலிருந்து இருபது பேராவது வந்திருந்தார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. வேடிக்கை பார்க்கிற தூரத்தில் நின்றார்கள்.

ஜெயக்குமார் கிணற்று மேட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அது நைனாவின் கை என்று பூங்கொடிக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பிறந்ததிலிருந்து தம்பிமேல் கைநீட்டாத மனுஷன்.

அத்தை சின்னப்பொண்ணு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்தார்.

பூங்கொடிக்கு வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. நாற்பது வரி, முகவரி, லைப்ரரி, எதைச் சொல்லி யாருக்குப் புரியவைப்பது. வேலை போய்விடும் என்று ஆதித்யா சொன்னது ஒரு கணம் குறுக்கே வந்தது. மாசச் சம்பளம், ஆபீஸ் நாற்காலி, 'எங்க பொண்ணு' என்று நைனா சொல்லும்போது வருகிற அந்தக் குரல். சித்தப்பாவின் கன்னத்தைப் பார்த்தாள்.

"நைனா, சித்தப்பா இல்ல. நான்தான்."

ராஜாராம் நிமிர்ந்து பார்த்தார்.

"என் மெயில்லேர்ந்துதான் போச்சு. ஆபீஸுக்கோசரம் ஒரு மெஷினு எழுதினேன். யாரு இன்னா கேட்டாலும் சரின்னு சொல்ற மெஷினு. அத என் பொட்டிலயும் தெரியாம விட்டுட்டேன். அவனுங்க அதக் கண்டுபிடிச்சி, வேணும்னே கேட்டு வாங்கிக்கினானுங்க. எங்கிட்ட ஆதாரம் கீது. சித்தப்பா என் ஃபோன ஒண்ணும் பண்ணல. அவர வுட்ருங்க."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். நைனா கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. அவர் முகத்தில் வேறு ஏதோ குழப்பம் இருந்தது. மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னாடி சொல்ற நீ? அவன்தான் மத்தியானமே ஒத்துக்கினானே. ஆமா நான்தான் குடுத்தேன்னு, எங்க எல்லார் முன்னாலயும்."

பூங்கொடி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நன்றி இல்லை, பயம் இருந்தது. வேண்டாம், இதற்குமேல் கேட்காதே என்கிற மாதிரி தலையை லேசாக ஆட்டினார்.

பஸ்ஸில் நழுவவிட்டது இப்போது வந்து மாட்டியது. மூன்று பேருடைய சம்மதம் வேண்டிய இடத்தில் ஒருத்தருக்கு மட்டும் மெயில். மற்ற இருவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் சம்மதம் ஏற்கனவே கம்பெனியின் கையில் இருந்தது.

"நீ இன்னாத்த குடுத்த சித்தப்பா?"

"பூங்கொடி, நீ வூட்டுக்குப் போ."

"இன்னாத்த குடுத்தேன்னு கேக்கறேன்."

அவர் கிணற்றுக்குள் பார்த்தார். பிறகு கிணற்றுக்குள்ளேயே சொன்னார், அதனால் பாதிதான் காதில் விழுந்தது.

"மெயிலு கியிலு எனக்குத் தெரியாதும்மா. குத்தகைய நீட்டறதுக்கு நான் கையெழுத்து போட்டேன். ரெண்டு மாசமாச்சு. அண்ணன் போடமாட்டாருன்னு அவனுங்ககிட்ட சொல்லிட்டேன். அத நாங்க பாத்துக்கறோம்னானுங்க." நிறுத்தினார். "அக்காவோடதையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

சின்னப்பொண்ணு தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான்.

"எங்கிட்ட நீ ஒண்ணும் வாங்கலியேடா," என்றார். சண்டைக்குரல் இல்லை. நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்க்கிற குரல். "எப்ப வாங்கின? நான் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேனே, அப்பவா?"

ஜெயக்குமார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆக மிச்சமிருந்தது நைனா ஒருத்தர்தான். கேட்டால் தரமாட்டார், அடித்தாலும் தரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒருத்தருக்காகத்தான் அவள் பெட்டியைத் தட்டினார்கள். அவள் எழுதியது அவருக்குப் பதிலாகப் பேசிவிட்டது.

இன்ஜினீயரின் ஃபோன் அடித்தது. அவன் இரண்டு அடி தள்ளிப் போய், "சரி சார், வந்துட்டாங்க சார், பேசிக்கிட்டிருக்காங்க சார்" என்றான். ஒருமுறை பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு ரிக் டிரைவருக்குக் கையசைத்தான்.

என்ஜின் உறுமியது. கூட்டம் பின்வாங்கியது. படுத்திருந்த நீண்ட இரும்புக் கம்பம் ஒரு குலுங்கு குலுங்கி, அங்குலம் அங்குலமாக ராஜாராமின் தலைக்கு மேல் நிமிரத் தொடங்கியது.

"நைனா, எழுந்து வா," என்றாள் பூங்கொடி.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தபடியே, சுண்ணாம்பு வட்டத்துக்குள் இன்னும் நன்றாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.